உசிலம்பட்டியில் பெய்யுதாம்

கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
எல்லீஸ் நகர் வாரியக் குடியிருப்பில்
ராத்திரி ஒன்பது மணிக்கும்
குழாயில் டீ போடுகிற சூட்டில் தண்ணீர்.
வீட்டுக்குள் இருக்க முடியாதவர்கள்
மொட்டை மாடிக்கு வந்துவிட்டோம்
பாயோடு, பிள்ளைகளோடு,
ஆளுக்கொரு வானிலையோடு.

சாதிக்கின் போனில் மூன்று ஆப்.
ஒன்றில் இடி. ஒன்றில் வெயில்.
மூன்றாவது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.
"ஆரஞ்சு அலர்ட்டுண்ணே, சாயங்காலம் நாலுலருந்து."
"போன செவ்வாயும் ஆரஞ்சுதானப்பா?"
"அது மஞ்சள்."
"எந்தக் கலரக் குடுத்தா என்ன,
கொடியில போட்ட சேலை
அரை மணியில அப்பளமாயிருச்சு"
என்கிறார் தாராபாய்
ஈரத்துண்டைப் பிடரியில் போட்டபடி.

வீரணன் பேசவில்லை. பந்தல்காரர்.
அந்த மஞ்சள் செவ்வாயை நம்பித்தான்
அவனியாபுரத்துக் காதுகுத்துக்குத் தகரம் அடித்தார்.
ஒரு சொட்டு இல்லை.
தகரத்துக்குக் கீழே உட்கார்ந்த ஜனம்
பாயசத்தோடு சேர்ந்து வெந்தது.
வாடகையில் பாதிதான் கைக்கு வந்தது.
வியாழன், வறண்ட வானிலை என்றார்கள்,
துணிப்பந்தல் போட்டார்.
வில்லாபுரத்துக் காற்று அதைக் கிளப்பிக்கொண்டு போய்
ரெண்டு தெரு தள்ளி
ஒரு பல் டாக்டரின் போர்டுக்குப் பொன்னாடை போர்த்தியது.
நாளைக்கு ஒரு கல்யாணம்.
"தகரமா துணியா, நீ சொல்லு"
என்று என்னைக் கேட்கிறார்.

நான் மின்வாரியத்தில் ஒயர்மேன்.
கம்பத்தில் ஏறுகிறவனுக்கு
மேலே நடப்பதெல்லாம் தெரியும் என்று
இந்த பிளாக்கில் ஒரு நம்பிக்கை.
கரண்ட் எப்ப வரும் என்பார்கள்.
அஞ்சு நிமிஷம் என்பேன்.
இருபது வருஷமாக
அதுதான் என்னுடைய வானிலை அறிக்கை.

ஜெசிந்தாவின் போன் அடித்தது.
உசிலம்பட்டித் தங்கச்சி.
"அக்கா, பேயுது! கல்லு கல்லா விழுகுது!"
எல்லோரும் மேற்கே திரும்பினோம்.
நாகமலை இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு.
அதற்கு அந்தப்பக்கம் யாரோ
டார்ச் அடித்து அடித்து அணைப்பதுபோல் மின்னல்.
சத்தமே இல்லை.

"ஸ்பீக்கர்ல போடு."
"ஏய், போனை வெளிய நீட்டுடி."
நீட்டியிருப்பாள்.
பழைய இரும்புக் கடையில்
மூட்டையைக் கவிழ்த்ததுபோல் ஆலங்கட்டி.
கொஞ்ச நேரத்தில் கல் தணிந்து
தண்ணீரின் சத்தம் மட்டும்,
ஒரே சீராக, நிற்கிற உத்தேசமே இல்லாமல்.
கட்டைச் சுவரின் மேல் வைத்த அந்தப் போனைச் சுற்றி
பதினாலு பேர்.
சாதிக்கின் மகள் அதற்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.
தாராபாய் துண்டை எடுத்துவிட்டுப்
பிடரியைப் போன் பக்கம் காட்டினார்.
விளையாட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன்.
"நல்ல தகரம்" என்றார் வீரணன்,
காதைச் சாய்த்து.

தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
டப்பென்று ஒரு சத்தம்.
லைன் இல்லை.
"இடியா?" என்றாள் ஜெசிந்தா.

இடியில்லை.
டிரான்ஸ்பார்மர் பியூஸ் வெடிப்பதைத்
தூக்கத்திலும் எனக்குப் பிரிக்கத் தெரியும்.
எவனோ ஒருத்தன் இந்நேரம் அங்கே
பாதி இட்லியில் கை கழுவிவிட்டுக்
கையுறையைத் தேடிக்கொண்டிருப்பான்.
"இடிதான்" என்றேன்.
"டவர் போயிருக்கும். அஞ்சு நிமிஷத்துல பேசுவா."

அப்போது காற்று வந்தது, ஒரே ஒரு தரம்,
எங்கோ நனைந்த மண்ணின் வாசனையோடு.
கொடியிலிருந்த சேலையைத் தொட்டுப் பார்த்தது,
விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்போல்
போயேவிட்டது.

"மூணாவது தொறந்திருச்சு" என்றான் சாதிக்.
"என்ன போட்ருக்கான்?"
"மதுரை, தெளிந்த வானம்."
வீரணன் எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.
"தகரம், துணி, ரெண்டையும் வண்டியில ஏத்தறேன்.
எது கேக்குதோ அது."
படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்குகிறது.

ஜெசிந்தா திரும்பத் திரும்ப நம்பரைப் போடுகிறாள்.
போனின் வெளிச்சத்தில் அவள் முகம்
வருகிறது, போகிறது.
பிறகு என்னைப் பார்த்து
மெதுவாகத்தான் கேட்டாள்:
"அஞ்சு நிமிஷம் ஆயிருச்சேண்ணே?"